மிமோசாவுக்குக் கை முளைத்த வருடம்

மிமோசா கட்டடத்தை இடிப்பது என்று நகரசபை தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தின் நகலைப் பதினைந்து மாடிகளிலும் ஒட்டிவிட்டுப் போன மறுநாள் காலை ஆறரை மணிக்கு, அங்கே கட்டடத்தைக் கூட்டிக் கழுவிக் காவல் பார்க்கும் கார்டியன் வேலை பார்த்த தவமலர் குப்பைத் தொட்டிகளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, வடக்குச் சுவரின் மூன்றாம் மாடி உயரத்திலிருந்து பழைய தேவாலயங்களை வெளியிலிருந்து தாங்கும் முட்டு வளைவு போலக் கல்லாலான ஒரு கை புறப்பட்டு, அந்தரத்தில் வளைந்து இறங்கி, கார் நிறுத்துமிடத்தின் பன்னிரண்டாம் கட்டத்துக்குள் பாதம் ஊன்றி நின்றுகொண்டிருந்தது.

தவமலர் முதலில் நினைத்தது குப்பை லொறியைப் பற்றித்தான். அது இனி எந்தப் பக்கத்தால் திரும்பும்? கிட்டப் போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். மார்ச் மாதத்துக் குளிரிலும் அது இளஞ்சூடாக, தூங்கி எழுந்த பிள்ளையின் கழுத்தைப் போல இருந்தது. வீட்டுவசதி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். கட்டடத்திலிருந்து ஏதாவது விழுந்தால் நீலப் படிவம், ஏதாவது உடைந்தால் மஞ்சள் படிவம், புதிதாக ஏதாவது முளைத்தால் அதற்குப் படிவம் இல்லை என்று மறுமுனையில் இருந்த பெண் சொன்னாள். தவமலர் மஞ்சளை நிரப்பி அனுப்பிவிட்டுப் படிக்கட்டைக் கழுவப் போனாள்.

பாரிசுக்கு வடக்கே, ரயிலில் இருபத்தைந்து நிமிடத் தூரத்தில் இருக்கிறது சான்-வலேர். அறுபது வருடங்களுக்கு முன்பு, வீடில்லாதவர்கள் பெருகிப்போன காலத்தில், அங்கே பீட்ரூட் விளைந்த வயலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காங்கிரீட் பலகைகளை அடுக்கி, நூற்றெண்பது மீட்டர் நீளத்துக்கு ஒரே வீச்சில் மிமோசாவைக் கட்டினார்கள். இப்படி நீட்டிப் படுத்திருக்கிற கட்டடத்துக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் ‘பார்’. பார் என்றால் தமிழில் உலகம் என்பதால், அங்கு குடியிருந்த பதினான்கு தமிழ்க் குடும்பங்களும் அந்தப் பெயரைத் திருத்தாமல் ஏற்றுக்கொண்டன. முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகளில், மாலியிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் போர்த்துக்கலிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களும், எங்கிருந்தும் வராமல் அங்கேயே பிறந்தவர்களும், ஒரே குழாய்த் தண்ணீரில் இருபத்திரண்டு விதமாகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டடம் வடக்குப் பக்கமாக நான்கு விரற்கடை சாய்ந்துவிட்டது, இனி அதில் ஆள் இருப்பது ஆபத்து, குடும்பங்களைப் பதினொரு ஊர்களுக்குப் பிரித்து அனுப்புவோம், அக்டோபரில் இடிப்போம் என்பதே தீர்மானம்.

முதல் கை முளைத்து ஒன்பது நாளில் இருபத்துநான்கு கைகள் முளைத்தன. முதல் கையைத் தவிர மற்றவை, ஆட்கள் வேலைக்குப் போன பிறகு, பகல் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில்தான் வளர்ந்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு யாரோ சுவருக்குள் இருந்து ரஸ்க் கடிப்பது போன்ற சத்தம் கேட்டது. நான்காம் நாளே அதை யாரும் கவனிப்பதை விட்டுவிட்டார்கள். நான்காம் மாடி ஃபந்தாவின் சமையலறை ஜன்னலுக்கு நேர்கீழே ஒரு கையின் தோள் வந்து நின்றது. அவள் அதில் மிளகாய் காயப் போட்டாள், மிளகாய் நன்றாகக் காய்ந்தது, அதனால் பக்கத்து வீட்டுக்காரி வெண்டிக்காய் கொண்டுவந்து போட்டாள், பிறகு மூன்று கைகளுக்கு இடையே உடுப்புக் கொடி கட்டப்பட்டது, அந்தக் கொடி எந்த மாடிக்கு எந்தக் கிழமை என்று தவமலர் ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டினாள், அதற்கு இரண்டு சண்டைகளும் ஒரு சமாதானமும் நடந்தன. இடிப்புத் தீர்மானத்தின்மேல் அந்தத் தாள் ஒட்டப்பட்டிருந்தது.

ஏப்ரலில் கிழக்கு மூலையில் வட்டமான ஒரு கோபுரம் எழுந்தது. அதற்குள்ளே படி இல்லை. ஒரு குதிரை வண்டி ஏறிப்போகும் அகலத்தில், சுற்றிச் சுற்றி மேலே போகும் சரிவுப் பாதை இருந்தது. ஒன்பதாம் மாடியில் கதூர் என்றொரு மனிதர் இருந்தார். முப்பத்தோரு வருடம் சுரங்க ரயிலுக்குத் தண்டவாளம் போட்டவர், முழங்கால் இரண்டும் போய்ச் சக்கர நாற்காலியில் இருப்பவர். லிஃப்ட் பழுதாகிப் பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதமும் அவர் தரையைத் தொடவில்லை. கோபுரத்தின் வாசல் அவருடைய கதவுக்கு இரண்டு எட்டுத் தூரத்தில் திறந்த அன்று, அவர் சவரம் செய்துகொண்டு, மஞ்சள் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு, ஒருவரும் தள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டபடி ஒன்பது மாடியும் சுற்றி இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் வந்து நின்று கைதட்டினார்கள். கீழே வந்ததும் நாற்காலியை நிறுத்தினார். புல்லைப் பார்த்தார். பிறகு தவமலரிடம், “மதாம், பேக்கரி இன்னும் அந்த இடத்தில்தான் இருக்கிறதா?” என்று கேட்டார். இருந்தது. அவர் போய் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார்.

மே மாத மழைக்குக் கூரை ஓரமெங்கும் நீர் துப்பும் தலைகள் முளைத்தன. பழைய தேவாலயங்களில் அந்த இடத்தில் பேயும் மிருகமும் இருக்கும். மிமோசாவில் குடியிருந்தவர்களின் முகங்களே இருந்தன. ஃபந்தா சிரித்தபடி நீர் துப்பினாள். கதூர் விசிலடிப்பவர் போல உதட்டைக் குவித்துத் துப்பினார். தவமலரின் முகம் மேற்கு மூலையில், வாயை அகலத் திறந்து யாரையோ ஏசுவது போல இருந்தது. மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு அவள் அதை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாள். “நான் இப்பிடியே கத்துறனான்?” என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற புருஷன் குணசீலன் தன் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான். பிறகு, நெடுஞ்சாலையைப் பார்த்தபடி ஜன்னல் ஒன்றுமில்லாமல் மொட்டையாக நின்ற மேற்குச் சுவரில், பத்து மீட்டர் விட்டத்தில் நிறக் கண்ணாடி ரோசா ஒன்று இதழ் இதழாக விரிந்தது. மாலை ஆறு மணிக்கு அதனூடாக வெயில் வந்து பதினைந்து மாடித் தாழ்வாரங்களிலும் ஓடியது. சமையலறைக் கதவு திறந்திருந்த வீடுகளில் சோறு நீலமாகவும் பால் சிவப்பாகவும் தெரிந்தன. முதல் வாரம் பிள்ளைகள் அந்தச் சோற்றைத் தின்ன மறுத்தார்கள். இரண்டாம் வாரம் வெள்ளைச் சோற்றைத் தின்ன மறுத்தார்கள்.

இவ்வளவு நடந்தும் குணசீலன் மட்டும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். அவன் பாரிசில் ஓர் உணவகத்தில் சமையல்காரன். ஊரில் போர் நடந்த காலத்தில் ஆறு தடவை இடம்பெயர்ந்தவன். ஆறு தடவையும் கடைசி நாள்வரை காத்திருந்து, கடைசி நாளில் ஒன்றும் எடுக்க முடியாமல் ஓடியவன். ஏழாம் தடவை முன்கூட்டியே போய்விடுவது என்று அவன் தீர்மானித்திருந்தான். நூற்றுப்பத்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் அவர்களுக்கு வீடு ஒதுக்கிச் சாவியும் கொடுத்திருந்தார்கள்.

“இஞ்சேரும், கையெழுத்தைப் போட்டுட்டன். சனிக்கிழமை சாமான் ஏத்த வான் வருது,” என்றான்.

“ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?”

“இடிக்கப்போறான் தவம். கை முளைச்சா என்ன, கால் முளைச்சா என்ன, அவன் இடிக்கத்தான் போறான். நான் பாக்காததே?”

“அப்ப எங்கடை வீடு எங்களைப் பிடிச்சு வைக்கேல்லை. இது பிடிச்சு வைக்குது. கண்ணிருந்தாப் பாருங்கோ.”

“கல்லை நம்பி ஆரும் இருப்பினமோ?”

“நீங்கள் போங்கோ. நான் வரேல்லை,” என்றாள் தவமலர். இருபத்தாறு வருடக் கலியாணத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. இருவருக்கும் அது கேட்டது. சனிக்கிழமை வான் வந்தது. குணசீலன் ஏழு பெட்டிகளோடு ஏறிப் போனான். அவள் ஜன்னலால் எட்டிப் பார்க்கவில்லை, தாழ்வாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே கழுவிய தாழ்வாரத்தை.

அந்த வாரமே நகரசபை, முளைத்ததை வெட்டி அகற்றும்படி ஒரு குழுவை அனுப்பியது. வைர வாளால் பன்னிரண்டாம் கட்டத்துக் கையில் ஒரு முழ ஆழத்துக்கு அறுத்த பிறகு, குழுவின் மேஸ்திரி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அவர் இருபது வருடம் தேவாலயங்களைப் பழுதுபார்த்த கல்தச்சர். அறுத்த வாயில் விரலை விட்டுப் பார்த்தார், தூளை மோந்து பார்த்தார், பிறகு குனிந்து எண்ணத் தொடங்கினார். மரத்தில் இருப்பது போல அந்தக் கல்லுக்குள்ளே ஆண்டு வளையங்கள் இருந்தன. எண்ணூற்றுப் பதினொன்று. “இது பழைய கல். அனுமதிக் காகிதம் இல்லாமல் இதற்குமேல் ஒரு நூல் அறுத்தால் என்னைத்தான் உள்ளே போடுவார்கள்,” என்று வாளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். அந்தக் காகிதத்தைக் கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரம் உள்ளவராக, பழஞ்சின்னங்களின் பரிசோதகர் மதாம் வசேர் வந்து சேர்ந்தார்.

அறுபதைத் தாண்டிய, ஒட்டக் கத்தரித்த நரைமுடி உள்ள ஒல்லியான பெண். ஒரு சிறிய சுத்தியலும் சதுரக்கோடு போட்ட நோட்டும் வைத்திருந்தார். மரியாதைக்குச் சிரிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. தவமலர் ஒவ்வொரு மாடியாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். கைகளைத் தட்டிப் பார்த்து, “ரான்ஸ் தேவாலயத்தின் கைகளைவிட இவை மெல்லியவை, ஆனால் பாரத்தைச் சரியாகத் தாங்குகின்றன, சாய்ந்த நான்கு விரற்கடையில் மூன்றை நிமிர்த்தியிருக்கின்றன,” என்றார். சரிவுப் பாதைக் கோபுரத்தில் கதூர் நாற்காலியில் எதிரே வந்தபோது ஒதுங்கி நின்று வழிவிட்டு, “ஆம்புவாஸ் கோட்டையில் இப்படி ஒன்று இருக்கிறது, அரசர்கள் குதிரையிலேயே மேலே போவதற்காகக் கட்டியது,” என்றார். “அப்படியானால் சரிதான்,” என்று கதூர் தலையசைத்துவிட்டுப் போனார். ரோசாவின் முன்னால் மதாம் வசேர் மூன்றே கால் மணி நேரம் நின்றார். ஃபந்தா கொண்டுவந்து கொடுத்த இஞ்சிச் சாறு அவருடைய கையில் சிவந்து, நீலமாகி, இருண்டது.

“படிவத்தில் கட்டியவர் பெயர் கேட்கிறது,” என்றார் கடைசியில்.

“யார் பெயரை எழுதுவீர்கள், மதாம்?”

“பெரிய தேவாலயங்களில் பாதிக்குமேலானவற்றுக்கு அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. நானும் வெறுமையாக விடுவேன். ஆனால் ஒன்றை உங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதைச் சின்னமாக அறிவித்தால் இடிக்க மாட்டார்கள். ஆனால் உங்களையெல்லாம் வெளியேற்றிவிட்டு, பூட்டி, டிக்கெட் போட்டுக் காட்டுவார்கள். எது சின்னம் என்று முடிவு செய்கிற ஆணைக்குழுவில் பாதிப்பேர் இப்போதே அப்படித்தான் பேசுகிறார்கள்.”

தவமலர் வெளியே வந்து வடக்கு வாசல் படியில் உட்கார்ந்தாள். இடித்தாலும் போக வேண்டும், காப்பாற்றினாலும் போக வேண்டும். இந்த ஊரில் ஒரு கட்டடத்துக்கு இருக்கிற மதிப்பு அதற்குள்ளே சோறு வடிக்கிறவளுக்கு இல்லையா என்று கேட்க அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் அதற்கு முன்பே மேலேயிருந்து மாவு போல ஏதோ அவள் மடியில் கொட்டியது.

அது மூன்றாம் மாடியில் இருந்த அவளுடைய வீட்டுச் சுவரிலிருந்து புறப்பட்ட கையின் தூள். அதே முதல் கை. ஆனால் மேஸ்திரி அறுத்த வாய் அதன் அடியில், ஆறாமல், வளராமல், அப்படியே இருந்தது. உதிர்ந்தது அங்கே இல்லை. மேலே, அவளுடைய ஜன்னலுக்குப் பக்கத்துத் தோளில், கல் சாம்பல் நிறமாகி, பழைய காங்கிரீட்டைப் போலப் பொருக்குவிட்டுக்கொண்டிருந்தது. மதாம் வசேர் ஏணி வைத்து ஏறி அளந்தார். மறுநாளும் அளந்தார். ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடை உதிர்ந்தது. இருபத்துநான்கு கைகளில் அது ஒன்றுக்குத்தான் அப்படி.

“இந்த வீட்டில் என்ன மாற்றம்? தண்ணீர்க் குழாய் உடைந்ததா?”

“இல்லை.”

“சுவரில் ஏதாவது துளை போட்டீர்களா?”

“இல்லை, மதாம்.” தவமலர் கையிலிருந்த தூளைத் தட்டினாள். “என் கணவர் போய்விட்டார். சனிக்கிழமை.”

பரிசோதகர் நோட்டை மூடவில்லை. எந்த மணிக்கு என்று கேட்டார், எழுதினார், உதிர்ந்த மொத்த அளவை ஒரு நாள் அளவால் வகுத்துப் பார்த்தார். கணக்கு சனிக்கிழமை காலை பதினொரு மணியில் போய் நின்றது. வான் புறப்பட்டது பதினொரு மணிக்கு.

“எனக்கு நிச்சயம் வேண்டும்,” என்றார் மதாம் வசேர், முதன்முறையாகக் குரல் இளகி. “அவர் திரும்பி வந்தால் என்ன நடக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். கூப்பிடுவீர்களா?”

கட்டடத்துக்காக முன்னூற்றுப் பன்னிரண்டு கதவைத் தட்டக்கூடிய தவமலருக்கு, அந்த ஒரு இலக்கத்தை அழுத்துவது கஷ்டமாக இருந்தது. கைபேசியைத் தூக்கினாள், வைத்தாள், கறிவேப்பிலை நறுக்கினாள், மறுபடி தூக்கினாள். முதல் மணிக்கே எடுத்தான்.

“சொல்லும்.”

“சாப்பிட்டிட்டீங்களே?”

“ஓம். இல்லை. சமைச்சனான், தின்னேல்லை.” ஒரு பாத்திரத்தை மூடும் சத்தம் கேட்டது. “இஞ்சை வீடு நல்ல வீடுதான் தவம். புதுச் சுண்ணாம்பு. சத்தமில்லை. வந்த நாள் தொட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறன், சுவரிலை ஒண்டும் முளைக்குதில்லை.”

“அப்ப வாருங்கோவன்,” என்றாள். கட்டடத்துக்காக வா என்று சொல்லத்தான் தொலைபேசியை எடுத்தாள். ஆனால் கட்டடத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே வைத்துவிட்டாள்.

மறுநாள் பகல் அவன் ரயிலில் வந்தான். வாசலில் ஃபந்தாவும், கதூரும், தமிழ்க் குடும்பங்கள் பதினான்கும், காரணம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களுமாக ஒரு கூட்டமே நின்றது. அவ்வளவு பேரின் நடுவே நடந்துபோக அவனுக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குள் போய்ச் சப்பாத்தைக் கழற்றினான், தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது சுவருக்குள் ரஸ்க் கடிக்கும் சத்தம் கேட்டது. வெளியே ஏணியில் நின்ற மதாம் வசேரின் கண் முன்னால், உதிர்ந்த தோளில் வெண்மஞ்சள் கல் தோலாகப் படர்ந்து, தடித்து, இறுகி, அறுத்த வாள் வாயையும் மூடிக்கொண்டு, அவர் தட்டிய சுத்தியலுக்கு வெண்கலம் போல் ஒலித்தது. அவர் ஏணியில் நின்றபடியே ஒரு வாக்கியம் எழுதினார்.

செப்டம்பர் முதல் கிழமை, ஆணைக்குழுவின் ஒன்பது பேரும் மிமோசாவின் கீழ்த்தளத்துக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நகரசபையின் வீட்டுவசதி அதிகாரி முசியே லெபார், இடிப்புக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பேசினார். இன்னும் வளர்ந்து முடியாத ஒன்றை எப்படிச் சின்னமாக்குவது என்று கேட்டார். போவே தேவாலயம் எண்ணூறு வருடமாக முடியவில்லை, அதை யாரும் இடிக்கவில்லை என்றார் மதாம் வசேர். அப்படியென்றால் காப்பாற்றுவோம், ஆனால் குடும்பங்கள் முதலில் வெளியேறட்டும், அதுதான் பாதுகாப்பு என்றார் லெபார். ஆணைக்குழுவில் நான்கைந்து தலைகள் ஆமென்று அசைந்தன.

தவமலர் எழுந்தாள். மேற்கு மூலையில் இருக்கிற அந்தக் கல்முகம் போலவே வாய் அகன்றது. “முசியே, கட்டடம் சாய்ந்துவிட்டது, ஆபத்து என்று சொல்லி எங்களைப் பதினொரு ஊருக்குப் பிரிக்கப் பார்த்தீர்கள். கட்டடம் நிமிர்ந்தது. இப்போது அது அழகாகிவிட்டது என்பதால் போகச் சொல்கிறீர்கள். அது யாருக்காக நிமிர்ந்தது? பூட்டி வைப்பதற்கா? அறுபது வருடமாக நீங்கள் ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை. வரிசையாக வந்து பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வாருங்கள்.”

அப்போது மதாம் வசேர் தன் அறிக்கையின் கடைசி வாக்கியத்தை, ஏணியில் நின்று எழுதியதை, வாசித்தார். “இக்கட்டடத்தில் குடியிருப்போர் அதன் கட்டமைப்பின் பகுதி என்பதை அளந்து உறுதி செய்திருக்கிறேன், அவர்களுள் ஒருவரை அகற்றுவதும் தாங்கும் கல் ஒன்றை அகற்றுவதாகும், அது சட்டப்படி குற்றம்.”

ஆணைக்குழுத் தலைவர் அளவுகளைக் கேட்டு வாங்கினார். தாள் ஒன்பது கைகளிலும் சுற்றி வந்தது. குணசீலன் பின்வரிசையில், ஓர் அளவுத்தாளின் மூன்றாம் பத்தியாக மாறிவிட்ட மனிதனின் முகத்தோடு உட்கார்ந்திருந்தான். குடியிருப்போரோடு சேர்த்தே மிமோசாவைச் சின்னமாக்குவது என்ற வாக்கெடுப்பில் எட்டுப்பேர் கை தூக்கினார்கள். ஒன்பதாமவர் சுற்றிலும் பார்த்து, மேலேயும் பார்த்துவிட்டு, தூக்கினார். கூடத்தில் எழுந்த சத்தத்துக்குக் கார் நிறுத்துமிடத்துப் புறாக்கள் எல்லாம் ஒரேயடியாகப் பறந்தன. ஃபந்தா லெபாரையே கட்டிப்பிடித்தாள். அவர் கோப்பைக் கீழே போட்டுவிட்டார். குணசீலன் வந்து தவமலரின் முன்னால் நின்று, “அடுத்த முறையும் நீரே முடிவெடும்,” என்றான். “அடுத்த முறை இல்லை,” என்றாள் அவள்.

பிரான்சில் செப்டம்பர் மூன்றாம் வாரக் கடைசியில், மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் மாளிகைகளையும் அமைச்சர் அலுவலகங்களையும் மக்கள் பார்க்கத் திறந்துவிடுவார்கள். அந்த வருடம் மிமோசாவும் திறந்தது. மக்கள் ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள் என்று நினைத்திருந்தார்கள். எட்டு மணிக்கே வரிசை பேக்கரியைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ரயில் நிலையம்வரை போய்விட்டது. வாழ்நாளில் ஒருமுறைகூட வடக்கு ரயிலில் ஏறியிராத பாரிசுக்காரர்கள், தொப்பியும் கேமராவும் குழந்தை வண்டியுமாக, ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். பதினைந்து மாடிகளிலும் கதவுகள் திறந்திருந்தன. முன்னூற்றுப் பன்னிரண்டு அடுப்புகளும் எரிந்தன. கதூர் மஞ்சள் கழுத்துப் பட்டியோடு கோபுரத்தின் அடியில் அமர்ந்து, மேலே போகிறவர்களிடம் இது அரசர்களின் பாதை, மெதுவாகப் போங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலில் தவமலர் நின்றாள். விடியலில் எழும்பி நூற்றெண்பது மீட்டர் தாழ்வாரத்தைப் பதினைந்து தடவை துடைத்திருந்தாள். அது இன்னும் ஈரமாக இருந்தது, அதன் மேல் காலை வெளிச்சம் நீந்திக்கொண்டிருந்தது. வரிசையின் முதலில் நின்ற, பட்டுக் கைக்குட்டை செருகிய பெரியவர், தொப்பியைக் கழற்றி அண்ணாந்து பார்த்தபடி நிலைப்படியில் காலை வைத்தார்.

“காலைத் துடைச்சுப்போட்டு உள்ளுக்கு வாருங்கோ,” என்றாள் தவமலர், தன்னை மறந்து, தமிழில்.

பெரியவர் கீழே பார்த்தார், கால்மிதியில் இரண்டு காலையும் நன்றாகத் துடைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் துடைத்தார். அவருக்குப் பின்னால், ஒருவரைப் பார்த்து ஒருவராக, பேக்கரிவரை, பள்ளிக்கூடம்வரை, ரயில் நிலையம்வரை, அந்த வரிசை முழுவதும் நின்ற இடத்திலேயே காலைத் துடைக்கத் தொடங்கியது.